மூக்குப் பக்கம் பலகை ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது, பிய்த்துவிடலாமா?

புதுமாலுமி:

வணக்கம் மக்களே. கிட் (வெட்டிய பாகங்கள் எல்லாம் அடங்கிய பெட்டி) வாங்கி மரத்தில் மாதிரிப் பாய்மரக் கப்பல் செய்வது எனக்கு இதுதான் முதல் தடவை. எடுத்தது 18ஆம் நூற்றாண்டுக் கட்டர் வகை, 1:64 அளவு. ஒரே ஒரு பாய்மரம், பத்துப் பன்னிரண்டு குட்டி பீரங்கி, சுலபமாக இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். உடம்புக்குப் பலகை ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது, பாய்மரத்தின் எண்ணிக்கைக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று.

லேசரில் வெட்டிய பிளைவுட் கீலும் (கப்பலின் அடியில் ஓடும் முதுகெலும்பு) குறுக்குச் சட்டங்களும் ஒரு வாரக் கடைசியில் கச்சிதமாகக் கோத்தாயிற்று. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா, மீன் முள் மாதிரி. அப்புறம் முதல் அடுக்குப் பலகை (லைம் மரம், 5 மி.மீ அகலம், 1.5 மி.மீ தடிமன், இதன் மேல் 0.5 மி.மீ வால்நட் இரண்டாவது அடுக்கு வரும்). செய்முறைத் தாளில் இந்தக் கட்டத்துக்கு இருப்பது கிட்டத்தட்ட ஒரே வரி, உடம்பு முழுக்கப் பலகை ஒட்டவும், அவ்வளவுதான். சரி என்று சூப்பர் க்ளூவை எடுத்துக்கொண்டு வலது பக்கம் மேலிருந்து கீழாக ஒன்பது பலகை ஒட்டிவிட்டேன்.

நடுவில் பிரமாதமாக உட்கார்ந்திருக்கிறது. மூக்குப் பக்கம் போகப்போக பலகைகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளுகின்றன, ஐந்தாவதிலிருந்து ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. பின்பக்கமோ நேர் எதிர், அங்கே பலகைக்கும் பலகைக்கும் நடுவில் முக்கோணமாக இடைவெளி விழுகிறது. இதெல்லாம் போதாதென்று நேற்று ராத்திரி மேஜை மேல் வைத்துப் பார்த்தால் கீல் முறுக்கிக்கொண்டு மூக்கு 3 மி.மீ தூக்கி நிற்கிறது.

பிய்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதா, இல்லை மேலே இன்னொரு அடுக்கு வரப்போகிறதே, புட்டி வைத்துத் தேய்த்துவிட்டுப் போய்விடலாமா? பலகையை வளைப்பதற்குத் தண்ணீரில் ஊறவைத்தேன், அதுவும் சரியா என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

மரத்தூள்:

திட்டுவதற்கு ஒன்றும் இல்லை, நீங்கள் செய்த மூன்று தப்பையும் நானும் செய்திருக்கிறேன், அதுவும் ஒரே கப்பலில்.

முதலில் பலகை ஏன் ஏறுகிறது என்பதைப் பார்ப்போம், அது புரிந்துவிட்டால் மீதி வேலை தானாக வரும். கப்பலின் நடுச் சட்டத்தில் மேல் விளிம்பிலிருந்து கீல் வரை ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி அளந்து பாருங்கள். உதாரணத்துக்கு 100 மி.மீ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மி.மீ பலகை என்றால் 20 பலகை. இப்போது அதே காகிதப் பட்டையை மூக்குப் பக்கத்து முதல் சட்டத்தில் சுற்றினால் 60தான் வரும். அதே 20 பலகையும் அந்த 60க்குள் அடங்க வேண்டும், அதாவது அங்கே ஒவ்வொன்றும் 3 மி.மீ ஆகக் குறுகியிருக்க வேண்டும். நீங்கள் முழு 5 மி.மீ அகலத்தையே அங்கேயும் கொண்டுபோயிருக்கிறீர்கள், இடம் இல்லாமல் ஏறுகிறது. பின்பக்கம் சுற்றளவு கூடி 110 என்று வரும், அங்கே ஒரு பலகைக்கு 5.5 மி.மீ தேவை, கையில் இருப்பது 5, அந்தக் குறைதான் உங்கள் முக்கோண இடைவெளி. இருபது பலகைக்கு 10 மி.மீ குறைவு, அதை நிரப்ப பின்பக்கம் மட்டும் இரண்டு கூடுதல் துண்டுப் பலகை செருக வேண்டும். நிஜக் கப்பல் கட்டியவர்களும் இதைத்தான் செய்தார்கள், ஏமாற்று வேலை இல்லை.

அதனால் பலகையை ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு சட்டத்திலும் பென்சிலால் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். மூக்குக்கு எத்தனை மி.மீ வருகிறதோ அந்த அளவுக்குப் பலகையை நடுவிலிருந்து முன்னோக்கிச் சீவிக்கொண்டே போக வேண்டும், ஒரு விளிம்பில் மட்டும் சீவினால் போதும். ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கத்தியால் வெட்டிவிட்டு உப்புத்தாள் கட்டையில் ஒரு இழுப்பு. ஒரு எல்லை மட்டும் நினைவிருக்கட்டும்: பாதி அகலத்துக்குக் கீழே போகக்கூடாது, உங்களுக்கு அது 2.5 மி.மீ. அதற்கும் கீழே கணக்கு வந்தால் இரண்டு பலகையை முன்னால் ஒன்றாக முடிக்கிற மாதிரி அமைக்க வேண்டும், கூரான பென்சில் முனை மாதிரி பலகை முடிந்தால் ஒட்டவும் ஒட்டாது, பார்க்கவும் நன்றாக இருக்காது.

இரண்டாவது விஷயம், சட்டங்களின் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்தீர்களா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அதனால் கேட்கிறேன். லேசர் வெட்டிய விளிம்பு கறுப்பாகக் கருகியிருக்கும், பார்த்திருப்பீர்கள். மூக்குப் பக்கத்துச் சட்டங்களில் முன் விளிம்பைத் தேய்த்து எடுக்க வேண்டும், நடுவைப் பார்த்திருக்கும் விளிம்பைத் தொடக்கூடாது. அந்த மூலையில் தலைமுடி அளவுக்குக் கருகல் கோடு மிச்சம் இருக்க மற்ற இடமெல்லாம் வெளுத்துவிட்டால் சரியாகத் தேய்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பின்பக்கம் இதற்கு நேர்மாறு. தேய்த்த பிறகு ஒரு பலகையை ஒட்டாமல் சும்மா மேலே படரவிட்டுப் பாருங்கள், எல்லாச் சட்டத்தையும் முழு அகலத்துக்குத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். ஏதாவது ஒன்றில் கூர்முனையில் மட்டும் உட்கார்ந்தால் அந்த இடத்தில் பலகை துருத்தும். சலிப்பான வேலைதான், எனக்கு இதற்கே நான்கு மாலை போனது. ஆனால் பலகை ஒட்டும்போது வருகிற முக்கால்வாசித் தலைவலி இங்கேதான் பிறக்கிறது.

மூன்றாவது, ஒரே பக்கம் ஒன்பது பலகை. வளைத்து ஒட்டிய ஒவ்வொரு பலகையும் தன் பக்கம் இழுக்கும். பிளைவுட் கீல் அந்த இழுப்புக்குத் தாங்காது. வலது ஒன்று, இடது ஒன்று என்று மாறி மாறிப் போக வேண்டும்.

என் தீர்ப்பு: பிய்த்துவிடுங்கள். சூப்பர் க்ளூ அசிட்டோனில் இளகும், தூரிகையால் மூட்டில் தடவிக் காத்திருந்து மெல்லிய கத்தியை நுழைத்தால் வந்துவிடும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். அடுத்த தடவை வெள்ளை மரப்பசை போதும். அவசரத்துக்கு மட்டும் ஓரிரு புள்ளி சூப்பர் க்ளூ, அதுவும் மேலடுக்கில் வெளியே கசியாமல், ஏனென்றால் அது பட்ட இடத்தில் வார்னிஷ் இறங்காமல் பளபளவென்று திட்டாக நிற்கும்.

நூல்முடிச்சு:

மரத்தூள் சொன்ன கணக்கு எல்லாம் சரி, ஆனால் ஒன்பதையும் பிய்க்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. மேலே உள்ள நாலு பலகை நன்றாக உட்கார்ந்திருப்பதாகப் புதுமாலுமியே சொல்கிறாரே. முதல் அடுக்கு யார் கண்ணிலும் படப்போவதில்லை. பள்ளத்தில் மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசி, மேட்டைத் தேய்த்து எடுத்து, கையால் தடவினால் வழவழவென்று இருந்தால் போதும். என் முதல் கப்பலின் முதல் அடுக்கில் பலகையைவிடப் புட்டிதான் அதிகம், இன்றைக்கு அதைப் பார்க்கிற யாருக்கும் தெரியாது. புட்டியால் சரியாகாதது முறுக்கு ஒன்றுதான்.

ஊறவைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். மரத்தை வளைய வைப்பது தண்ணீர் இல்லை, சூடு. இழைகளைப் பிணைத்து வைத்திருக்கிற லிக்னின் சூட்டில் இளகி, ஆறும்போது புது வடிவத்தில் இறுகிவிடும். ஈரம் இருந்தால் கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே இளகும், அது மட்டும்தான் தண்ணீரின் உபயம். நான் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, ஈரத்தோடேயே ஒட்டி, இடைவெளியே இல்லாமல் அழகாக முடித்துவிட்டேன் என்று தூங்கப் போனேன். ஊறிய பலகை அகலத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு மூட்டிலும் வெளிச்சம் தெரிகிறது.

இப்போது செய்வது இதுதான். பலகையை ஒரு நிமிடம் தண்ணீரில் முக்கி எடுத்து, வேண்டிய வளைவில் மேஜையோடு கிளாம்ப் போட்டுப் பிடித்து, தலைமுடி காய வைக்கும் ட்ரையரை இரண்டு மூன்று நிமிடம் காட்டுவேன். ஆறும் வரை தொடக்கூடாது. கிளாம்பை எடுத்தால் கொஞ்சம் பின்வாங்கும், அதனால் தேவைக்கு மேல் ஒரு பிடி அதிகமாக வளைத்துக்கொள்ள வேண்டும். தட்டையாக வளைப்பது யாருக்கும் வந்துவிடும். பக்கவாட்டில், அதாவது பலகையின் விளிம்பு வழியாக வளைப்பதுதான் உண்மையான வித்தை, கட்டரின் உப்பலான கன்னத்துக்கு அது கட்டாயம் வேண்டும். அந்த வளைவு இல்லாததால்தான் பலகை தன் போக்கில் மேல்நோக்கி ஓடி முந்தைய பலகை மேல் ஏறுகிறது. கணக்குப்படி குறுக்கிய பிறகும் சிலருக்கு ஏறுவது இதனால்தான்.

பலகையைக் கடித்துக் கடித்து வளைக்கிற குறடு மாதிரி ஒரு கருவி கிட்டோடு வந்திருந்தால் முதல் அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 0.5 மி.மீ வால்நட்டில் அதை வைத்தால் பாதி வெட்டி, ஒடித்துவிடும்.

அரைமில்லி:

ஒரே ஒரு ஆறுதல். 1628இல் ஸ்டாக்ஹோமில் முதல் பயணத்திலேயே கவிழ்ந்த வாசா கப்பலை 1961இல் வெளியே எடுத்து அளந்து பார்த்தார்கள் இல்லையா, அதன் இடமும் வலமும் ஒரே மாதிரி இல்லை. கப்பலுக்குள் கிடைத்த தச்சர்களின் அளவுகோல்களில் சிலது 12 அங்குல ஸ்வீடிஷ் அடி, சிலது 11 அங்குல ஆம்ஸ்டர்டாம் அடி. ராஜாவின் கப்பலுக்கே அந்தக் கதி, உங்கள் 3 மி.மீயைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். (அது கவிழ்ந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இன்னொன்று, முதல் கப்பலாகக் கட்டர் எடுத்ததற்காகச் சந்தோஷப்படுங்கள். நான் எடுத்தது விக்டரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், 104 பீரங்கி. நிஜக் கப்பலே 1759இல் கீல் போட்டு 1765இல்தான் தண்ணீரில் இறங்கியது. என்னுடையது அதையும் தாண்டிவிட்டது, பெட்டி அலமாரி மேலே இருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மரத்தூள்:

நூல்முடிச்சு சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். சரியாக இருக்கிற பலகையை விட்டுவிடலாம், ஆனால் எதிர்ப்பக்கம் ஒட்டினால் முறுக்கு தானாகத் திரும்பிவிடும் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். நான் நம்பினேன். முன்பக்கம் ஒரு திசையிலும் பின்பக்கம் எதிர்த் திசையிலும் முறுக்கிக்கொண்டு கீழிருந்து பார்த்தால் பாம்பு மாதிரி ஆகிவிட்டது. முறுக்கு போகும் வரைக்கும் கீழிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். போன பிறகு ஒரு கனமான தட்டைப் பலகையில் இரண்டு எல் வடிவ இரும்புக் கோணங்களை எதிரெதிராகத் திருகி, கீலை நடுவில் இறுக்கிப் பிடிக்கவைத்து அதிலேயே மீதி வேலையைச் செய்யுங்கள். முன்னால் முதல் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் பால்சா (லேசான, மென்மையான மரம்) கட்டை வைத்து அடைத்துத் தேய்த்துவிட்டால் மூக்கு வளைவில் பலகைக்கு ஒட்ட இடமும் கிடைக்கும், கீலும் விறைப்பாகும்.

புதுமாலுமி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

கீழே இருந்த ஆறு பலகையை எடுத்தேன். நாலாவது பலகை வந்ததும் கீல் டக்கென்று சத்தம் போட்டுத் திரும்பியது, ஏதோ உடைந்துவிட்டது என்று நெஞ்சே நின்றுவிட்டது. உடையவில்லை. இப்போது மூக்கு தூக்கல் அரை மி.மீ கூட இல்லை. மேலே உள்ள மூன்று பலகையை விட்டுவிட்டேன். சட்டத்தின் விளிம்பு கேட்டீர்கள் இல்லையா, தேய்க்கவே இல்லை. கருகல் அப்படியே கன்னங்கரேலென்று இருந்தது, அதை அழகு என்று வேறு நினைத்திருந்தேன்.

மிச்ச இடத்தை அளந்தேன். நடுவில் 80, அதாவது 16 பலகை. மூக்கில் 42, பலகைக்கு 2.6 மி.மீ. முதல் மூன்றையும் குறுக்காமல் முழு அகலத்தில் ஒட்டியதால் இந்த நிலைமை, எல்லைக்கு மேலே மயிரிழையில் தப்பித்தேன். பின்னால் 89, ஆக 9 மி.மீ குறைகிறது, இரண்டு துண்டுப் பலகை. ட்ரையர் வைத்துப் பக்கவாட்டில் வளைத்த முதல் பலகை ஒடிந்தது, இரண்டாவது ஒடிந்தது, மூன்றாவது அப்படியே போய் உட்கார்ந்தது. அதை அரை மணி நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு பக்கத்துக்கு ஏழு பலகை, இடமும் வலமும் மாறி மாறி.

அடுத்த கேள்வி, அவசரம் இல்லை. இரண்டாவது அடுக்கை முழு நீளப் பலகையாக ஒட்டுவதா, துண்டு துண்டாகவா? அப்புறம் கயிறு வேலையை நினைத்தாலே பயமாக இருக்கிறது, பாய் கட்டித்தான் ஆக வேண்டுமா?

நூல்முடிச்சு:

துண்டாக ஒட்டுங்கள். நிஜக் கப்பலில் மூக்கிலிருந்து வால் வரை ஒரே மரம் எங்கே கிடைக்கும்? 24 அடி ஒரு நியாயமான நீளம், 1:64இல் அது 114 மி.மீ. இரண்டு பலகையின் முனைகள் எப்போதும் ஒரு சட்டத்தின் மேல்தான் சந்திக்க வேண்டும், அதே சட்டத்தில் அடுத்த சந்திப்பு வருவதற்குள் நடுவில் மூன்று பலகையாவது இடைவிடாமல் ஓட வேண்டும். பார்க்கவும் உண்மையாக இருக்கும், சின்னத் துண்டை வளைப்பதும் சுலபம். மர ஆணி மாதிரி புள்ளி வைக்கிற ஆசை வந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: ஒன்றரை அங்குல ஆணி இந்த அளவில் 0.6 மி.மீ. அதற்கு மேல் பெரிதாகக் கறுப்புப் புள்ளி வைத்தால் கப்பலைச் சுட்டுத் துளைத்த மாதிரி இருக்கும்.

பாய் கட்டாயம் இல்லை, நான் கட்டுவதில்லை. 0.3 மி.மீ மெல்லிய துணி எடுத்தாலும் 64 மடங்கு பெருக்கினால் 19 மி.மீ தடிமன், பலகைக் கனத்தில் பாய் எந்தக் கப்பலுக்கும் இருந்ததில்லை. கழிகளும் கயிறும் மட்டும் இருந்தால் வேலைப்பாடு எல்லாம் தெரியும்.

கயிறுக்குப் பயப்படாதீர்கள், கட்டரில் ரொம்பக் குறைவு. பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கிற அசையாக் கயிறுகள் தார் பூசியவை, அதனால் கருமை. பாயையும் கழிகளையும் இழுக்கிற கயிறுகள் வெளிர் பழுப்பு. கிட்டில் வருகிற நூலில் பஞ்சு மாதிரி மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் தேன்மெழுகில் ஒரு இழுப்பு. ஏறிப்போகிற ஏணிக் கயிற்றின் படிகள் 15 அங்குல இடைவெளி, இங்கே 6 மி.மீ. ஒரு அட்டையில் 6 மி.மீக்கு ஒரு கோடு போட்டுக் கயிற்றுக்குப் பின்னால் செருகிவிட்டு முடிச்சுப் போடுங்கள், இறுக்கி இழுத்தால் பக்கக் கயிறுகள் உள்ளே இடுப்பு மாதிரி ஒடுங்கிவிடும், தளர்வாகவே விடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வரிசைக்கு மேல் போடாதீர்கள், நாலாவதிலிருந்து கோணல் ஆரம்பிக்கும்.

புதுமாலுமி:

இதோ கடைசிப் பலகைக்கு வந்துவிட்டேன், வலது பக்கம். இடைவெளி நடுவில் 5, முன்னால் 2, பின்னால் 6. எந்தப் பலகையும் பொருந்தவில்லை. நாலு துண்டு வீணாயிற்று.

மரத்தூள்:

அளக்காதீர்கள், பிரதி எடுங்கள். இடைவெளி மேல் ஒளி ஊடுருவும் செல்லோடேப்பை ஒட்டி, விளிம்பில் கூரான பென்சிலால் தேய்த்து ஓரத்தை எடுத்து, டேப்பை அப்படியே அகலமான ஒரு பலகைத் துண்டில் ஒட்டி வெட்டுங்கள். கோட்டுக்கு வெளியே அரை மி.மீ விட்டு வெட்டி, உள்பக்க விளிம்பை மட்டும் லேசாகச் சாய்வாகத் தேய்த்துக்கொண்டே பொருத்திப் பாருங்கள். ஆப்பு மாதிரி இறங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் நிற்க வேண்டும், சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் இரண்டு தேய்ப்பு. பசை அப்புறம்.

புதுமாலுமி:

இறங்கியது. அடுத்து இடது பக்கம்.